ஆற்றில் போடுவதை அளப்பது: டிரேடிங் ஜர்னல் பற்றிச் சில குறிப்புகள்

பங்குச்சந்தை பற்றித் தமிழில் வரும் வீடியோக்களைக் கொஞ்ச நாளாகத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். பெரும்பாலானவற்றில் ஓர் இடத்தில் ஒரே உபதேசம் வந்து நிற்கிறது: ஜர்னல் எழுதுங்க. நஷ்டம் வந்ததா, ஜர்னல் எழுதவில்லை. லாபம் வந்ததா, ஜர்னல் எழுதியதால் வந்தது. இதை யாரும் எதிர்ப்பதில்லை. எதிர்க்க அதில் என்ன இருக்கிறது? ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று சொல்லி வளர்ந்த ஊர்க்காரர்கள் நாம். கணக்கு எழுது என்றால் தலையாட்டத்தான் செய்வோம்.

ஆனால் அப்படி எழுதப்படுவது என்ன, அது எழுதுகிறவருக்கு எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது என்று யாரும் உட்கார்ந்து படித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. கவிதைக்கு விமர்சனம் எழுதுகிறோம், நாவலுக்கு எழுதுகிறோம். லட்சக்கணக்கானவர்களை எழுதச் சொல்லும் இந்த எழுத்து வகைக்கும் ஒரு விமர்சனம் எழுதிப் பார்க்கலாமே என்றுதான் இந்தக் குறிப்பு.

இதை ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்துகொண்டு எழுத ஒரு காரணம் இருக்கிறது. 2024 செப்டம்பரில் செபி ஓர் ஆய்வு வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரையான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்டு ஓ-வில் இறங்கிய தனிநபர்கள் ஒரு கோடிக்கு மேல். அவர்களில் 93% பேருக்கு நஷ்டம். செலவுகளையும் சேர்த்தால் தலைக்குச் சராசரியாக 2 லட்சம் ரூபாய். எல்லோருடையதையும் கூட்டினால் 1.8 லட்சம் கோடிக்கு மேல். இந்த எண்கள் பலர் கண்ணில் பட்டிருக்கும். அதே அறிக்கையில் அதிகம் பேசப்படாத இன்னொரு தகவல் உண்டு: 2023-24இல் வர்த்தகம் செய்தவர்களில் 72%-க்கு மேல் நாட்டின் முதல் 30 பெரிய நகரங்களுக்கு வெளியே இருப்பவர்கள். 43% பேர் முப்பது வயதுக்குக் கீழே. நான்கில் மூன்று பேருக்கு மேல் ஆண்டு வருமானம் 5 லட்சத்துக்குக் குறைவு என்று காட்டியவர்கள்.

அதாவது நம்ம ஊர்கள். ராஜபாளையத்தில் மில் ஷிஃப்ட் முடித்து வருகிறவர், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்காரர் வீட்டுப் பையன், இங்கே பால்கோவா கடையில் கணக்கு பார்க்கிறவர். மும்பையில் கோட்டு போட்டவர்களின் விளையாட்டு என்று நினைத்திருந்தது கைப்பேசி வழியாக ரத வீதிக்கு வந்து ரொம்ப நாளாகிவிட்டது.

டெம்ப்ளேட்டைப் படிப்பது

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற ஜர்னல் டெம்ப்ளேட்டுகள் ஏறக்குறைய ஒரே அச்சு. தேதி, எந்த ஸ்ட்ரைக், என்ட்ரி விலை, எக்ஸிட் விலை, ஸ்டாப்லாஸ், டார்கெட், லாப நஷ்டம். பிறகு மூன்று கட்டங்கள்: எமோஷன், மிஸ்டேக், லெசன்.

முதல் பகுதியை எடுத்துக்கொள்வோம். ஸ்டாப்லாஸ், டார்கெட் இரண்டையும் விட்டுவிட்டால், மீதியெல்லாம் புரோக்கர் அனுப்பும் காண்ட்ராக்ட் நோட்டில் ஏற்கெனவே இருக்கிறது. வர்த்தகம் நடந்த 24 மணி நேரத்துக்குள் அதை அனுப்பியாக வேண்டும் என்பது விதி. அதில் பைசா சுத்தமாக இருப்பதை நாம் கையால் நகல் எடுக்கிறோம். நகல் எடுப்பதில் ஒரு திருப்தி இருக்கிறது, வேலை செய்த மாதிரி இருக்கும்.

கொரியாவில் இந்த இடம் இன்னும் தெளிவாகத் தெரியும். அங்கே இதற்குப் பெயர் மேமே-இல்ஜி, வர்த்தக நாட்குறிப்பு என்று பொருள். சிறு முதலீட்டாளர்களை அங்கே எறும்புகள் என்று அழைப்பார்கள். 2020இல் கொரோனா வீழ்ச்சியின்போது வெளிநாட்டினர் விற்றதையெல்லாம் இந்த எறும்புகள் கூட்டமாக வாங்கின. 1894இல் நடந்த தோங்ஹாக் விவசாயிகள் எழுச்சியின் பெயரையே அதற்கு வைத்தார்கள். அங்குள்ள புரோக்கர்களின் மென்பொருளிலேயே அன்றைய வர்த்தக நாட்குறிப்பு தானாகத் தயாராகி நிற்கும். ஒரு பட்டனைத் தட்டினால் போதும். எந்திரமே அதை எழுதித் தந்துவிடுகிறது என்றால், மனிதர் கையால் எழுத மிச்சம் இருப்பது என்ன என்ற கேள்வி அங்கே தானாக எழுகிறது. இங்கே நகல் எடுக்கும் வேலையில் அந்தக் கேள்வி அமுங்கிப்போகிறது.

இரண்டாம் பகுதிதான் எனக்கு முக்கியம். எமோஷன், மிஸ்டேக், லெசன். இந்த மூன்று கட்டங்களும் எப்போது நிரப்பப்படுகின்றன? மூன்றரை மணிக்குச் சந்தை மூடிய பிறகு, முடிவு தெரிந்த பிறகு. முடிவு தெரிந்த மனசு நேர்மையான சாட்சி கிடையாது. இதை அழகாகக் காட்டிய ஒரு சோதனை உண்டு. 1972இல் நிக்சன் சீனாவுக்கும் ரஷ்யாவுக்கும் போவதற்கு முன்னால், என்னென்ன நடக்கும், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு வாய்ப்பு என்று பாரூக் ஃபிஷ்ஹாஃப், ரூத் பேத் என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களிடம் எழுதி வாங்கினார்கள். பயணங்கள் முடிந்த பிறகு, "அன்றைக்கு நீங்கள் என்ன எண் போட்டீர்கள், நினைவுபடுத்துங்கள்" என்றார்கள். நடந்துவிட்ட விஷயங்களுக்குத் தாங்கள் முன்பே அதிக வாய்ப்பு கொடுத்திருந்ததாகத்தான் பெரும்பாலும் நினைவு வந்தது. 1975இல் வெளிவந்த கட்டுரை அது. பொய் சொல்லவில்லை அவர்கள், நினைவே அப்படித் திருத்தி எழுதிக்கொள்கிறது.

டெம்ப்ளேட்டின் கடைசி மூன்று கட்டங்கள் இந்தத் திருத்தல் வேலைக்கென்றே ஒதுக்கிய இடம் மாதிரி இருக்கின்றன. நஷ்டமா, "பேராசை" என்று எழுதலாம், "பொறுமை இல்லை" என்று எழுதலாம். லாபமா, "பிளானை ஃபாலோ பண்ணினேன்" என்று எழுதலாம். ஆனால் "பிளான் சரி, ஒழுங்காகவும் நடந்தேன், இருந்தும் பணம் போச்சு" என்று எழுத அதில் கட்டம் இல்லை. "முட்டாள்தனமாக வாங்கினேன், குருட்டு அதிர்ஷ்டத்தில் லாபம் வந்தது" என்று எழுதவும் இல்லை. உண்மையில் அதிகம் நடப்பவை இந்த இரண்டும்தான்.

முடிவு தெரியாமல் எழுதிய ஒருவர்

தமிழில் வியாபாரி ஒருவர் எழுதிய மாபெரும் நாட்குறிப்பு நம்மிடம் இருக்கிறது. புதுச்சேரி ஆனந்தரங்கப்பிள்ளை 1736இல் தொடங்கி, 1761இல் இறக்கும் காலம் வரை எழுதியது. துய்ப்ளேக்குத் துபாஷியாக இருந்தவர். அதை எல்லோரும் வரலாற்று ஆவணமாகப் படிக்கிறார்கள், சரிதான். 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்ததையெல்லாம் அவர் எழுத்தில் உடனுக்குடன் பார்க்கலாம். ஆனால் அவர் அடிப்படையில் சரக்கு வாங்கி விற்ற மனிதர். கப்பல் வந்ததா, இன்னும் வரவில்லையா என்பது அவர் முதலைத் தீர்மானிக்கிற செய்தி.

நமக்கு அந்த நாட்குறிப்பில் கற்க ஒன்று இருக்கிறது. இன்றைய பதிவை எழுதும்போது நாளைக்கு என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியாது. யார் வந்தார்கள், என்ன பேச்சு நடந்தது, எது வதந்தியாகக் காதில் விழுந்தது என்று அன்றன்றைக்கு இருந்தபடி எழுதிவைக்கிறார். பின்னால் அந்த வதந்தி பொய்யாகப் போனாலும் பக்கம் பக்கமாக அது அங்கேயே கிடக்கிறது. அதனால்தான் இருநூற்றைம்பது வருஷம் கழித்தும் அதற்கு மதிப்பு. வருஷக் கடைசியில் உட்கார்ந்து "எல்லாம் எனக்கு அப்போதே தெரியும்" என்ற தொனியில் எழுதியிருந்தால் யார் படிப்பார்கள்?

ஆக, ஜர்னலில் கையால் எழுத வேண்டிய ஒரே பகுதி, வாங்குவதற்கு முன்னால் எழுதுவது. ஒரு கற்பனைப் பதிவு போட்டுப் பார்க்கிறேன்:

செவ்வாய், காலை 9.40. நிஃப்டி கால் ஆப்ஷன், ஒரு லாட், பிரீமியம் 120. காரணம்: டெலிகிராம் குரூப்பில் ஒருவர் சொன்னார், எனக்கென்று தனிக் காரணம் இல்லை. பிரீமியம் 90-க்குக் கீழே போனால் தப்பு என்று ஒத்துக்கொள்வேன். பலிக்கும் என்ற நம்பிக்கை: பத்துக்கு ஆறு.

நான்கு வரிதான். ஆனால் இரண்டாவது காரண வரியை எழுதும்போது கை கொஞ்சம் தயங்கும் பாருங்கள், ஜர்னலின் பாதிப் பயன் அந்தத் தயக்கத்தில் இருக்கிறது. எழுதவே கூச்சமாக இருக்கிற காரணத்துக்காக ஏன் பணம் போட வேண்டும்?

நாள்வழி மட்டும் போதுமா

நம் பழைய கடைக் கணக்கு மூன்று படி. நாள்வழியில் அன்றன்றைய வரவு செலவு. அதிலிருந்து தலைப்புவாரியாகப் பிரித்துப் பேரேட்டில் ஏற்றுவது. கடைசியில் ஐந்தொகை: எல்லாம் போக என்ன மிச்சம். இன்றைய டெம்ப்ளேட் முதல் படியோடு நின்றுவிடுகிறது. நாள்வழியை மட்டும் புரட்டிக்கொண்டிருந்தால் நேற்றைய லாபமும் இன்றைய நஷ்டமும்தான் தெரியும்.

பேரேடு என்றால் இங்கே காரணவாரியாகப் பிரிப்பது. டெலிகிராம் சொல்லி வாங்கியது ஒரு பக்கம், சார்ட் பார்த்து வாங்கியது ஒரு பக்கம், நேற்றைய நஷ்டத்தை எடுக்க வாங்கியது ஒரு பக்கம். நம்ம பக்கத்துக்காரர்களுக்கு இன்னொரு பக்கமும் தேவைப்படும்: "நம்ம ஊர் கம்பெனி". ராஜபாளையத்துக்காரர் ராம்கோ சிமெண்ட்ஸ் பங்கு வாங்குவதும், 1921இல் நாடார் வங்கியாகத் தூத்துக்குடியில் தொடங்கிய தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கி 2022 செப்டம்பரில் பங்கு வெளியிட்டபோது தென்மாவட்டத்துக்காரர் விண்ணப்பிப்பதும் இயல்பு. பெயர் தெரியும், கட்டடம் தெரியும், அங்கே வேலை பார்க்கிற சொந்தக்காரர் இருப்பார். அந்தப் பங்குகள் நல்லவையா கெட்டவையா என்பது வேறு பேச்சு. பழக்கம் ஒரு காரணமாக வேலை செய்கிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. அமெரிக்காவில் தொலைபேசிக் கம்பெனிகளின் பங்குதாரர்களை ஆராய்ந்த குர் ஹூபர்மேன் 2001இல் இதையே காட்டினார்: மக்கள் தங்கள் பகுதிக்குச் சேவை தரும் கம்பெனியின் பங்கைத்தான் மற்றதைவிட அதிகம் வைத்திருந்தார்கள். பேரேட்டில் ஏற்றினால்தான், பழக்கம் என்ற காரணம் சம்பாதித்துத் தந்ததா, இல்லை சும்மா மனசுக்கு இதமாக இருந்ததா என்று தெரியும்.

ஐந்தொகைக்கு வருவோம். ஒருவரின் நோட்டில் வருஷ லாபம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். செபி கணக்கில் அவர் வெற்றியாளர். காலை 9.15 முதல் 3.30 வரை ஆறேகால் மணி நேரம் திரையைப் பார்க்கிறார். வருஷத்துக்கு ஏறக்குறைய 245 சந்தை நாள். கிட்டத்தட்ட 1,530 மணி நேரம். மணிக்கு 26 ரூபாய். கோவா கிண்டுகிற அடுப்படியில் நிற்பவருக்குக்கூட இந்தக் கூலியைக் கொடுத்துப் பேச முடியாது. அதே முதல் வங்கி டெபாசிட்டிலோ இண்டெக்ஸ் ஃபண்டிலோ சும்மா கிடந்திருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று ஒரு வரி பக்கத்தில் எழுதினால் படம் முழுமையாகும். எஃப் அண்டு ஓ வருமானத்தை வரிச் சட்டம் வியாபார வருமானமாகத்தான் பார்க்கிறது. வியாபாரம் என்றால் தன் உழைப்புக்கும் ஒரு விலை போட்டுப் பார்ப்பதுதானே கணக்கு.

இரண்டு சின்னக் கணக்குகள்

"என் ஜர்னல் 60% வின் ரேட் காட்டுகிறது" என்பது அடிக்கடி காதில் விழுகிற பெருமை. பத்தில் ஆறு தடவை 500 ரூபாய் லாபம், நாலு தடவை 1,000 ரூபாய் நஷ்டம். 3,000 வந்தது, 4,000 போனது. வின் ரேட் 60%, கையில் 1,000 குறைவு. இதில் செலவு இன்னும் சேரவில்லை. ஆர்டருக்கு 20 ரூபாய் வாங்குகிற புரோக்கர் என்றால் வாங்க 20, விற்க 20, மேலே 18% ஜி.எஸ்.டி. ஒரு சுற்றுக்கு 47 ரூபாய் 20 காசு. பத்துச் சுற்றுக்கு 472. எஸ்.டி.டி., எக்ஸ்சேஞ்ச் கட்டணம், முத்திரைத் தீர்வை எல்லாம் தனி. 2023-24இல் ஒருவர் சராசரியாக இந்தச் செலவுக்கே 26,000 ரூபாய் கொடுத்திருக்கிறார் என்கிறது செபி.

இரண்டாவது: ஐம்பது டிரேடில் முப்பது ஜெயித்தால் திறமை வந்துவிட்டதா? புள்ளியியல்படி ஐம்பது முயற்சிக்கு 60% என்றால், உண்மையான விகிதம் 46%-லிருந்து 74% வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். நாணயம் சுண்டுகிறவருடைய 50%-உம் அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. இரண்டு மாத ஜர்னலை வைத்துக்கொண்டு வேலையை விடுகிறவர்கள் இந்த ஒரு வரியை மட்டுமாவது நோட்டின் அட்டையில் எழுதிவைக்கலாம்.

என் முக்கியமான புகார்

மேலே சொன்னவை எல்லாம் திருத்திக்கொள்ளக்கூடிய குறைகள். டெம்ப்ளேட்டை மாற்றினால் சரியாகும். ஆனால் ஜர்னல் உபதேசத்தில் அடியில் ஓடுகிற ஒரு கருத்து இருக்கிறது, என் சண்டை அதோடுதான்: பணம் போனது உன் ஒழுக்கக் குறைவால்.

2023-24இல் எஃப் அண்டு ஓ-வில் தனிநபர்கள் இழந்தது, செலவு போடுவதற்கு முன்பே, 61,000 கோடிக்கு மேல். அதே ஆண்டு சொந்தப் பணத்தில் வர்த்தகம் செய்யும் நிறுவனங்கள் சுமார் 33,000 கோடியும், வெளிநாட்டு முதலீட்டாளர்கள் சுமார் 28,000 கோடியும் சம்பாதித்தார்கள். கூட்டிப் பாருங்கள். அந்த லாபத்தில் 96, 97 சதவீதம் அல்காரிதம் வழியாக வந்தது. எதிரில் உட்கார்ந்திருப்பது கம்ப்யூட்டர். அதற்குப் பேராசையும் இல்லை, மத்தியானத் தூக்கமும் இல்லை. சத்திரப்பட்டிப் பையன் தன் நோட்டில் "பொறுமை இல்லை" என்று எழுதிக்கொண்டிருக்கிறான்.

"அந்த 7% பேர் ஜர்னல் எழுதியவர்களாக இருக்கலாமே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இருக்கலாம். ஆனால் செலவு போக மூன்று வருஷத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் பார்த்தவர்கள் 1% பேர்தான். நூறு பேரும் ஒழுங்காக ஜர்னல் எழுதினாலும், ஒருவர் லாபம் இன்னொருவர் நஷ்டத்திலிருந்து வருகிற ஆட்டத்தில் நூறு பேரும் ஜெயிக்க முடியாது. செலவைக் கழித்தால் கூட்டுத்தொகை எப்போதும் மைனஸ்.

கொரியா இதை ஒரு காலத்தில் அனுபவித்தது. கோஸ்பி 200 ஆப்ஷன் ஒரு சமயம் உலகிலேயே அதிகம் கைமாறிய ஒப்பந்தம், சிறு முதலீட்டாளர் கூட்டம் அதில் மொய்த்தது. 2012இல் ஒப்பந்தப் பெருக்கியை 1 லட்சம் வொன்னிலிருந்து 5 லட்சமாக்கினார்கள். கூட்டம் கரைந்தது. இங்கேயும் 2024 நவம்பரில் செபி இண்டெக்ஸ் ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச மதிப்பை 15 லட்சமாக உயர்த்தியது, வாராந்திர எக்ஸ்பைரிகளைக் குறைத்தது. அதாவது, கோளாறு சரக்கிலும் இருக்கிறது என்று ஒழுங்குமுறை அமைப்புகளே ஒத்துக்கொண்டிருக்கின்றன. அதற்குப் பிறகும் 2024-25இல் 91% பேருக்கு நஷ்டம், மொத்தம் 1,05,603 கோடி. ஜர்னல் விற்கிற கோர்ஸ்காரர்கள் மட்டும் இன்னும் மனசைத்தான் திருத்தச் சொல்கிறார்கள்.

செபி அறிக்கையில் என்னை அதிகம் தொந்தரவு செய்த வரி வேறு. தொடர்ந்து இரண்டு வருஷம் நஷ்டப்பட்டவர்களில் நான்கில் மூன்று பேருக்கு மேல் அடுத்த வருஷமும் திரும்பி வந்தார்கள். இங்கேதான் ஜர்னல் ஆபத்தாக மாறலாம் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு நஷ்டத்தையும் ஒரு "லெசன்" ஆக்கிவிட்டால் எந்த நஷ்டமும் வீண் இல்லை, எல்லாம் கல்விக் கட்டணம். முடிவே இல்லாத படிப்பு. ஆற்றில் அளந்துதான் போடுகிறோம், ஆனால் படி கையில் இருப்பதாலேயே தொடர்ந்து போட்டுக்கொண்டிருக்கிறோம்.

அதனால் ஜர்னலுக்கு ஒரு முதல் பக்கம் வேண்டும். எதையும் வாங்கும் முன் எழுதுகிற பக்கம்: மொத்தம் எவ்வளவு போனால் நிறுத்துவேன், எந்தத் தேதிக்குள் இண்டெக்ஸ் ஃபண்டைவிட அதிகம் வரவில்லை என்றால் நிறுத்துவேன். இந்தப் பக்கத்தை எந்த டெம்ப்ளேட்டிலும் நான் பார்க்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடை நாள்வழி கல்லா மேலேயே கிடக்கும். மகன் புரட்டுவான், பங்காளி கேட்டால் காட்டியாக வேண்டும், வருஷக் கடைசியில் கணக்குப்பிள்ளை பார்ப்பார். வேறு கண்கள் படும் என்பதாலேயே அது ஓரளவு உண்மையாக இருந்தது. டிரேடிங் ஜர்னல் கைப்பேசியில், கைரேகைப் பூட்டுக்குள் இருக்கிறது. எழுதுகிறவரும் படிக்கிறவரும் ஒரே ஆள். பணம் மட்டும் வீட்டுப் பணம்: தங்கச்சி கல்யாணத்துக்கு வைத்தது, அம்மா சீட்டு எடுத்தது, நகைக்கடன். ஜர்னல் எழுதத் தொடங்குகிறவர்களுக்கு என்னிடம் இருக்கும் ஒரே யோசனை, நோட்டுப் போட்டு எழுதுங்கள். முதல் பக்கத்தை வீட்டில் ஒருவரிடம் படிக்கக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். கொடுக்கத் தயக்கமாக இருந்தால், அந்தத் தயக்கத்தையும் தேதி போட்டு முதல் பதிவாக எழுதிவிடுங்கள்.